விழும் வண்டிக்கு ஒரு கார்டு

ஆமைக்கு ஒரு வசதி உண்டு. தன் ஓட்டை அது கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இன்ன அகலம் போதும், இன்ன கனம் தாங்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்து யாரோ முதுகில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் 'இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கொடுத்திருக்கலாமே' என்று ஒருநாளும் முறையிடுவதில்லை. ஆமையின் கணவன் கூடவே வந்து நின்றுகொண்டு, இருப்பதிலேயே பெரிய ஓடுதான் வேண்டுமென்று அடம்பிடிப்பதுமில்லை. கிருத்திகாவுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒரு மாடிவீட்டில் அவளும் அவள் கணவன் அஷ்வினும் குடியிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. இடது மணிக்கட்டில் சுற்றிய கட்டோடு அவள் தரையில் உட்கார்ந்திருக்க, அஷ்வின் கிளறிய உப்புமா இருவர் தட்டிலும் கட்டியாகிக் கிடந்தது. வண்டிச் சாவி தட்டுகளுக்கு நடுவே இருந்தது. அதைப் பார்க்காமல் சாப்பிடுவதற்கு இருவருமே முயன்றுகொண்டிருந்தார்கள்.

குடியாத்தத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் அவர்கள். அஷ்வின் அவளுக்கு அத்தை மகன். வெளிவட்டச் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில் கணினிகள் பழுதாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. காலையும் மாலையும் கம்பெனி வேன் வந்து அழைத்துப் போகும். கல்யாணத்துக்கு முன்பு ஆசைப்பட்டு அவன் வாங்கிய கனமான மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலிலேயே நின்றது. அதை எடுத்து ஓட்டப் பழகிக்கொண்டவள் கிருத்திகா. ஒரு பரிசோதனைக்கூடத்திற்காக வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவது அவள் தொழில். சர்க்கரைக்காரர்களும் சிறுநீரகக்காரர்களும் காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். மல்லேசுவரத்து மேட்டுத் தெருக்களிலும் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலும் அவள் வருகையை வைத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு பற்றும்.

வண்டி ஓடும்போது அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் தொல்லை. உட்கார்ந்தால் அவளுக்குத் தரையில் விரல் நுனிதான் எட்டும். கால் வைக்கும் இடத்தில் சிறு பள்ளம் இருந்துவிட்டால் போதும், வண்டி சாயத் தொடங்கும். முன்பே சில தடவை சாய்ந்திருக்கிறது. போன புதன்கிழமை மல்லேசுவரத்தில் ஒரு டீக்கடை எதிரே சாய்ந்தபோது அவளும் சேர்ந்தே விழுந்தாள். கிளட்ச் பிடியின் நுனி முறிந்தது. டாங்கின் ஓரம் நசுங்கியது. தோளில் மாட்டியிருந்த பைமேலேயே அவள் விழுந்ததால் உள்ளே இருந்த குழாய்கள் உடைந்து அத்தனை பேர் இரத்தமும் ஒன்றாகக் கலந்துபோயிற்று. வீங்கிய கையோடு எல்லா வீட்டுக்கும் மறுபடி போய், மறுபடி குத்தி எடுத்து வந்தாள். மேற்பார்வையாளன் ஷ்ரேயாஸ் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு முறை சாம்பிள் போனா, உங்களுக்கு ஃபீல்டு கிடையாது, மேடம். கவுண்டர்ல உக்காந்து பில் போடுங்க," என்று மட்டும் சொன்னான்.

அஷ்வினுடைய தீர்ப்பு அதைவிடக் கடுமையானது.

"இன்னிக்கு வண்டி முன்பக்கத்துல இரும்பு லெக் கார்டு போடறோம். இருக்கறதுலயே பெருசா. அதுக்கப்புறமும் விழுந்தன்னா, சாவி என்கிட்ட வந்துடணும்," என்றான்.

"வேணும்னேவா விழறேன் நானு?"

"வேணும்னு விழுந்தியோ வேணாம்னு விழுந்தியோ, கை வீங்கிச்சா இல்லியா? உங்கப்பா போன் பண்ணி இன்னா கேட்டாரு தெரியுமா? என் பொண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித்தர வக்கில்லையா மாப்பிள்ளன்னு கேட்டாரு."

"அத நீ என்கிட்ட காட்டாத, மாமா. நான் ஒண்ணும் வண்டியப் போட்டுட்டு ஓடல. எல்லாரும் 'பிடி பிடி'ன்னு கத்தினாங்க. பல்லக் கடிச்சிக்கினு பிடிச்சேன். இந்த உப்புமாவ விடவா கனம் அது?"

அவன் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஹென்னூர் சாலையில் சுனில் என்பவருடைய உதிரிபாகக் கடை. சுனில் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே அவர் எந்த மொழிக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவதில் அவருக்கு ஒரு பெருமை. கடைக்கு முன்னிருந்த சிமெண்டுத் தளம் சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருந்தது. இரவு பெய்த மழை அதில் இன்னும் காயாமல் கிடந்தது. வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

"வாங்க பாஸ், வாங்க சிஸ்டர். லெக் கார்டா? இத பாருங்க." சுனில் சுவரிலிருந்து இறக்கியது யானைத் தந்தங்கள்போல் இருபுறமும் வளைந்து அகன்ற ஒரு கனத்த இரும்பு. "இது ஹாத்தி, யானை மாதிரி. லாரி ஒரசினாக்கூட லாரிக்குத்தான் பேஜாரு."

அஷ்வினின் முகம் தெளிந்தது. அதை இரு கைகளாலும் வாங்கிக் கனம் பார்த்தான். "இதான். இத மாட்டுங்க."

"இரு மாமா," என்றாள் கிருத்திகா. "வேற இன்னா இருக்குது, அண்ணா?"

வேறு இரண்டு வகை இருந்தன. ஒன்று, இன்ஜினை ஒட்டினாற்போல் குறுகலாக வளைந்த மெல்லிய கார்டு. மற்றது பக்கத்துக்கு ஒன்றாகத் திருகி வைக்கும் கறுப்பு நைலான் குமிழ்.

"குமிழ் ரேஸ் பசங்களுக்கு, சிஸ்டர். வழுக்கிக்கினு போறதுக்கு. உங்களுக்கு அதெல்லாம் பேடா, வேணாம். இந்த ஒல்லி கார்டும் ஓகேதான். ஆனா பாஸ் கேக்கறது தான் கெத்து."

"கெத்துக்கு நான் வரல." கிருத்திகா பெரிய கார்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து அதன் விளிம்புவரை கையால் அளந்து பார்த்தாள். "மாமா, ஸ்ரீராம்புரத்துல எத்திராஜ் தாத்தா வீட்டுச் சந்து நீ பாத்ததில்ல. ஒவ்வொரு வீட்டுப் படியும் தெருவுக்குள்ள வந்து நிக்கும். ஹேண்டில் உசரமா இருக்கறதால படிக்கு மேல போயிடும். இது தாழ்வா இருக்குது. நேராப் போயி படியிலதான் இடிக்கும்."

"அப்ப அந்தச் சந்துல நடந்து போ."

"வண்டிய எங்க உடறது? முனையில விட்டா பெட்டிக்கடைக்காரன் கத்துவான். போன மாசம் காத்த எறக்கி விட்டான்."

"அப்ப அந்த வீட்டுக்குப் போகாத."

"அந்த ஆளு கையில நரம்பே தெரியாது, மாமா. வேற யாராச்சும் போனா நாலு எடத்துல குத்திட்டு வருவாங்க. அவரு சம்சாரம் வேதநாயகி அம்மா எனக்காக வாசல்லயே உக்காந்துக்கினு இருக்கும்."

"உனக்கு ஊருல இருக்கறவன் நரம்பெல்லாம் தெரியுது. உன் கை வீங்கினது தெரியல."

சுனில் இதையெல்லாம் அனுபவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் விலை உயர்ந்த பொருள்தான் விற்கும் என்பது அவர் கண்ட உண்மை. "குரு, ஜகளா பேடா, சண்ட வேணாம். மொதல்ல பெருச மாட்டிப் பாக்கலாம். சிஸ்டர் உக்காந்து பாக்கட்டும். புடிக்கலன்னா கழட்டிக்கலாம். கிருஷ்ணப்பா!"

கடையின் உள்ளிருந்து கிருஷ்ணப்பா வந்தார். கோலார்ப் பக்கத்துக்காரர். தமிழ் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் கன்னடம்தான் வரும். பெரிய கார்டை அவர் இரண்டு போல்ட்டுகளில் மட்டும் தற்காலிகமாக மாட்டினார். கிருத்திகா ஏறி உட்கார்ந்தாள். வண்டி முன்னைவிட அகன்று, யாரோ அந்நியருடையதைப்போல் தெரிந்தது. நேராக்கிப் பார்ப்பதற்காக இடது காலை நீட்டி ஊன்றினாள். கால் பட்ட இடத்தில் ஈரத்தோடு ஒரு பாலிதீன் உறை கிடந்தது.

கால் வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.

"பிடி மேடம், பிடி, பிடி!" என்று கிருஷ்ணப்பா கத்தினார்.

அவள் பிடித்தாள். வீங்கிய மணிக்கட்டில் உயிர் போயிற்று. ஆனாலும் இறுகப் பிடித்தாள். அதற்குள் அஷ்வின் பாய்ந்து வந்து ஹேண்டிலைத் தாங்கினான். பின்னால் சுனில் சீட்டைப் பிடித்து இழுத்தார். வண்டி விழவில்லை. மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கிருத்திகாவின் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

கிருஷ்ணப்பாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஏன் மேடம், கை முரிதுஹோகுத்தே! நானு பிடி பிடி அந்த்ரே, நீவு இன்னும் கட்டியாகி ஹிடீத்தீரா?"

"நீங்கதானே பிடின்னீங்க? பிடிச்சேன்."

சுனில் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "ஐயோ சிஸ்டர், அவரு கன்னடத்துல சொன்னாரு. கன்னடத்துல 'பிடி'ன்னா விட்டுடுன்னு அர்த்தம். கை ஒடிஞ்சிடும், விடு விடுன்றாரு, நீங்க இறுக்கிப் பிடிக்கறீங்க."

கிருத்திகாவுக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. மல்லேசுவரத்து மாமிகள் "இரலி பிடி", அதாவது இருக்கட்டும் விடு, என்று நாள்தோறும் அவளிடம் சொல்கிறார்கள். அவளும் அர்த்தம் பிசகாமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் விழும் நேரத்தில் காது எந்த ஊரில் இருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள், அஷ்வின்கூட. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு டீக்கடை வாசல் ஞாபகத்துக்கு வந்தது. ஆட்டோக்காரர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், பால் பாக்கெட்டோடு நின்ற ஒரு வயதான அம்மாள், எல்லோரும் ஒரே குரலில் கத்தியது அதே சொல். அவர்கள் தைரியம் சொல்கிறார்கள் என்று நினைத்து, தன் எடையைப்போல மூன்று பங்கு இரும்பை மார்போடு அணைத்துக்கொண்டு போய் விழுந்திருக்கிறாள். நடுத்தெருவில் அத்தனை பேரும் கையை விடும்படி கெஞ்சியிருக்கிறார்கள்.

"குடத்துக்குள்ள கைய விட்டுக் கடலைய விடாத குரங்காட்டம் இருந்திருக்கேன்," என்றாள் தனக்குத்தானே.

"இன்னாடி?"

"மாமா, டாங்க் நசுங்கினது வண்டி விழுந்ததால. என் கை போனதும் குழாய் உடைஞ்சதும் நான் விழுந்ததால. நான் விட்டிருந்தா வண்டி மட்டும்தான் விழுந்திருக்கும்." அவள் சுனிலிடம் திரும்பினாள். "அண்ணா, இதக் கழட்டிடுங்க. ஒல்லி கார்டு போடுங்க."

"ஏய், இரு," என்றான் அஷ்வின். "மூணு பேர் சேர்ந்து இப்ப தாங்கினோம். ரோட்டுல யாரு இருக்கறா? பெருசு போட்டாத்தான் விழாது."

"எந்தக் கார்டும் வண்டிய விழாம தடுக்காது, மாமா. விழுந்த பிறகுதான் அதுக்கு வேலையே. டாங்கும் லீவரும் தரையில படாம நின்னா போதும். என் கால் அடியில மாட்டாம இருந்தா போதும். அதுக்கு இந்த ஒல்லி போதுமா போதாதா, அதத்தான் பாக்கணும்."

"எப்படிப் பாப்ப?"

"போட்டுப் பாக்கலாம். இங்கயே."

அஷ்வின் அவளையே பார்த்தான். அந்த வண்டியை வாங்கிய நாளில் சோப்புத் தண்ணீரைக்கூட வடிகட்டித்தான் கழுவினான் அவன். "வேணும்னே கீழ போடறதா? பைத்தியமாடி உனக்கு?"

கிருஷ்ணப்பா பெரிய கார்டைக் கழற்றிக் குறுகிய கார்டை மாட்டி எல்லா போல்ட்டுகளையும் முறுக்கி முடித்தார். தூறல் விழத் தொடங்கியிருந்தது. கடைக்கு முன்னால் போனவர்கள் ஓரிருவர் வேடிக்கைக்கு நின்றார்கள். கிருத்திகா வண்டியின் பக்க ஸ்டாண்டை இறக்கி வைத்துவிட்டு, ஹேண்டிலை அஷ்வினிடம் ஒப்படைத்தாள்.

"வலப்பக்கமா சாய்ச்சு விடு, மாமா."

அவன் சாய்த்தான். பாதிவரை சாய்த்தான். அதற்கு மேல் அவன் கைகள் போகவில்லை. வண்டியின் பாரம் முழுக்க அவன் தோளில் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"விடு."

"வேணாம், கிருத்தி."

"காலையில நீ சாவிய எடுத்துக்கினியே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? விடு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கை விரிந்தது.

சத்தம் பெரிதாகத்தான் கேட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் உச்சுக்கொட்டினார். அஷ்வின் கண் திறந்தபோது, வண்டி படுக்காமல், உறங்கப் போகும் மாடு ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்வதுபோல் கார்டின்மேல் சாய்ந்திருந்தது. டாங்குக்கும் தரைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி இருந்தது. பிரேக் லீவரின் நுனி மட்டும் தரையைத் தொட்டுச் சிறிது வளைந்திருந்தது. கார்டில் ஒரு வெள்ளைக் கீறல்.

"சக்கத், பிரமாதம்," என்றார் சுனில். தான் விற்ற பொருள் கீழே விழுந்து நிரூபிக்கப்பட்டதை அவரும் அன்றுதான் பார்த்தார்.

அஷ்வின் வண்டியைத் தூக்குவதற்காகக் குனிந்தான். ஹேண்டிலை இரு கைகளாலும் பற்றி இழுத்தான். அது சற்று எழும்பி, மறுபடி அமர்ந்தது. காலை அகட்டி வைத்து மறுபடி இழுத்தான். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. முகம் சிவந்தது. உதவிக்கு வந்த கிருஷ்ணப்பாவை அவள் கையமர்த்தினாள்.

"அப்படி வராது, மாமா. முதுகக் குடு. சீட்டுல இடுப்ப சாய்ச்சு உக்கார்ற மாதிரி குந்து. ஒரு கை ஹேண்டில், ஒரு கை பின்கம்பி. கையால இழுக்காத. காலால பின்னாடி நட."

அவன் அவள் சொன்னபடி குந்தினான். பின்புறமாக அடியெடுத்து வைத்தான். வண்டி அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, ஸ்டாண்டில் போய் நின்றது. அவன் திரும்பி அதன்மேல் கையூன்றி மூச்சு வாங்கினான்.

"இத நீ தனியா தூக்கினியா? ஒவ்வொரு தடவையும்?"

"மொதல் தடவ ரெண்டு பேர் வந்து தூக்கினாங்க. பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு சொல்லிக்கினே தூக்கினாங்க. ஒருத்தன் வீடியோ எடுத்தான். அப்பறம் நானே கத்துக்கினேன்."

"என்கிட்ட சொல்லவேயில்ல."

"சொன்னா சாவியக் கேப்ப."

மழை வலுத்தது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். அஷ்வின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். அவளிடம் நீட்டவில்லை. உள்ளங்கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். "ஒரே பேச்சுதான். மறுபடி விழுந்தன்னு கேட்டேன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறித் தானே ஓட்டினான். மறுநாள் அவள் காலையில் எழுந்தபோது சாவி கதவோரத்து ஆணியில் தொங்கியது.

கைக்கட்டு அவிழ்ந்த வாரத்தில் அவள் ஸ்ரீராம்புரத்துக்குப் போனாள். அன்றும் தூறல். எத்திராஜ் தாத்தாவின் புறங்கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ஒரே குத்தில் எடுத்துவிட்டு வெளியே வந்தாள். படிகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளித் திருப்பும்போது, சாக்கடையை மூடிய கல் ஒன்று அவள் காலடியில் ஆடியது.

வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. இம்முறை ஒருவரும் எதுவும் கத்தவில்லை. சந்தில் ஆளே இல்லை. அவள் விரல்கள் மட்டும் ஒரு கணம் இறுகின. அந்த ஒரு கணத்தில் பழைய வலி முழுவதும் மணிக்கட்டில் வந்து நின்றது. பிறகு அவள் கைகளை விரித்தாள். இடது காலை ஊன்றிப் பின்வாங்கிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். தோள் பையை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வண்டி சந்து அதிரப் போய் விழுந்தது.

வேதநாயகி அம்மாள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "இன்னா தாயி, இன்னா ஆச்சு? அடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்லம்மா."

பையைத் திறந்து பார்த்தாள். குழாய்கள் வரிசையாக நின்றன. வண்டியின் கண்ணாடி படியில் மோதிச் சிதறியிருந்தது. டாங்குக்கு ஒன்றும் இல்லை. வேதநாயகி அம்மாள் உள்ளே போய்த் துடைப்பம் எடுத்து வருவதற்குள், அவள் முதுகைக் கொடுத்து வண்டியை எழுப்பி நிறுத்திவிட்டாள். படியில் உட்கார்ந்தாள்.

சொல்லாமல் விடலாம். வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணாடியை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்தாள். பிறகு அஷ்வினை அழைத்தாள்.

"மாமா. விழுந்துடுச்சு."

மறுமுனையில் வேனின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தியது தெரிந்தது.

"யாரு?" என்று கேட்டான்.

"வண்டி."

"நீ?"

அவள் எழுந்தாள். "நான் நின்னுக்கினு இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். வேன் ஏதோ சிக்னலில் நின்றிருக்க வேண்டும். இரைச்சல் அடங்கி, அவன் மூச்சு விடும் ஒலி மட்டும் கேட்டது.

"சும்மா ஏன் நின்னுக்கினு இருக்க?" என்றான். "அடுத்த வீட்டுல வெறும் வயித்தோட உக்காந்துக்கினு இருப்பாங்க. போ."